அரசியலமைப்பைத் தமிழில் கற்பித்தல்: சொல்லும் பொருளும்

ஒரு நாட்டின் ஆட்சி எவ்வாறு நடைபெறுகிறது என்பதை விளக்குதல் எளிது. அது எதன் அதிகாரத்தால் நடைபெறுகிறது என்பதை விளக்குதல் அரிது. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பைத் தமிழில் அறிமுகப்படுத்தும் பாடக் குறிப்புகள் பெரும்பாலும் முதற் பணியோடு நின்றுவிடுகின்றன. மாமன்னர், நாடாளுமன்றம், அமைச்சரவை, நீதிமன்றம் என உறுப்புகள் வரிசைப்படுத்தப்படுகின்றன. அவற்றை இணைக்கும் அடிப்படைக் கருத்து விடுபடுகிறது. சொற்களைக் கவனமின்றிக் கையாளுதலே இதற்கு முதன்மைக் காரணம் என்று நாம் கருதுகிறோம்.

'நாடாளுமன்றமே நாட்டின் உயர்ந்த அதிகார அமைப்பு' என்னும் தொடரை முதலில் நோக்குவோம். இது பிரிட்டனுக்குப் பொருந்தும், மலேசியாவிற்குப் பொருந்தாது. 1956இல் அமைக்கப்பட்ட ரீட் ஆணையத்தின் பரிந்துரைகளை அடிப்படையாகக் கொண்டு உருவாகி, 1957 ஆகஸ்ட் 31ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, தன்னையே நாட்டின் தலையாய சட்டம் என 4ஆவது விதியில் அறிவிக்கிறது. விடுதலைக்குப் பின் இயற்றப்படும் எச்சட்டமும் அதற்கு முரண்படும் அளவிற்குச் செல்லாததாகும். நாடாளுமன்றமும் அரசியலமைப்பின் படைப்பே. இவ்வேறுபாட்டை உணராத மாணவர், நீதிமன்றம் ஒரு சட்டத்தைச் செல்லாது என அறிவிக்கும்போது அதனை அத்துமீறல் என்றே எண்ணுவார்.

'மாமன்னர் பிரதமரை நியமிக்கிறார்' என்பது அடுத்த தொடர். இது பிழையன்று, ஆயினும் பாதி உண்மையே. மக்களவை உறுப்பினருள் பெரும்பான்மையோரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் எனத் தாம் கருதும் உறுப்பினரையே மாமன்னர் நியமித்தல் வேண்டும் என்கிறது 43ஆவது விதி. 2022 நவம்பர் பொதுத் தேர்தலில் 222 இடங்கள் கொண்ட மக்களவையில் எந்தக் கூட்டணிக்கும் 112 இடங்கள் கிட்டவில்லை. அந்நிலையில் நவம்பர் 24ஆம் நாள் அன்வார் இப்ராகிம் பிரதமராக நியமிக்கப்பட்டதை விளக்க, 'நியமனம்' என்னும் ஒரு சொல் போதாது. 'நம்பிக்கை' என்னும் சொல்லும் வேண்டும்.

மூன்றாவது எடுத்துக்காட்டு நம் சமூகத்தை நேரடியாகத் தொடுவது. பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் சமயத்தை அவரின் 'பேரண்ட்' அல்லது பாதுகாவலர் முடிவு செய்வார் என்று 12ஆவது விதியின் ஆங்கில வாசகம் ஒருமையில் கூறுகிறது. மலாய் மொழிபெயர்ப்பிலுள்ள 'இபு அத்தாவ் பாப்பா' என்பது 'தாய் அல்லது தந்தை' எனப் பொருள்படும். 2009இல் தந்தை தனித்து மேற்கொண்ட மதமாற்றத்தை எதிர்த்து, ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி என்னும் தாய் வழக்குத் தொடுத்தார். இருவரின் இசைவும் தேவை எனக் கூட்டரசு நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. நீதிமன்றங்களின் மறுஆய்வு அதிகாரம் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்தது என்பதையும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது.

இவ்விதியைத் தமிழில் எழுதும் ஆசிரியர் இயல்பாகப் 'பெற்றோர்' என்றே எழுதுவார். அச்சொல் பலர்பாலில் அமைந்து தாய் தந்தை இருவரையும் சேர்த்துக் குறிக்கும். ஆகவே, நெடிய வழக்கின் முடிவாகப் பெறப்பட்ட பொருள், தொடக்கத்திலிருந்தே விதியில் வெளிப்படையாக இருந்தது போன்ற தோற்றம் ஏற்படுகிறது. அத்தாய் எதற்காகப் போராட நேர்ந்தது என்பது மாணவருக்கு விளங்காமலே போகிறது. மூலத்தின் ஒருமையைச் சுட்டி, பின்னர்த் தீர்ப்பின் பொருளை விளக்குவதே முறையாகும்.

கலைச்சொல்லாக்கம் அகராதிப் பணி மட்டுமன்று என்பது இவற்றால் தெளிவாகும். பிற மொழியைக் கற்பதையும், கற்பிப்பதையும் எவரும் தடுத்தலாகாது என்னும் காப்பு 152ஆவது விதியில் உள்ளது. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு உட்பட்டவையே என 2021இல் உயர் நீதிமன்றமும் 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தபோது, அவ்விதியின் சொற்களே நுணுகி ஆராயப்பட்டன. தமிழ் கற்பிக்கும் உரிமை எச்சொற்களில் காக்கப்பட்டுள்ளதோ, அச்சொற்களைத் தமிழில் பிழையற விளக்குதல் தமிழாசிரியர்களாகிய நம் கடமையாகும்.