‘இல்லை’ என்னும் விடை

நோய்க் கணக்கு எடுப்போர் வீடுதோறும் சென்று, “உங்களுக்கு நீரிழிவு உண்டா?” என வினவுகின்றனர். “இல்லை” என்று விடை வருகிறது. இவ்வொரு சொல்லில் இரு பொருள் அடங்கியிருத்தலைப் பலர் நோக்குவதில்லை. நோய் இல்லை என்பது ஒன்று. நோய் உண்டென இதுவரை எவரும் சொல்லவில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வோர் பெரும்பிழை செய்தோராவர்.

இதற்குச் சான்று மலேசியாவிலேயே உண்டு. சுகாதார அமைச்சு 2019-ஆம் ஆண்டில் நடத்திய தேசிய உடல்நல, நோய்நிலை ஆய்வு, வினவியதோடு நில்லாது, 18 வயதும் அதற்கு மேலும் உள்ளோரை அளந்தும் பார்த்தது. நீரிழிவு உடையோர் 18.3 விழுக்காட்டினர். அதனை முன்பே அறிந்தோர் 9.4, சோதனையால் மட்டுமே புலப்பட்டோர் 8.9. இரத்தக் கொதிப்பு உடையோர் 30.0, அவருள் அறியாதோர் 14.1. இரத்தத்தில் கொழுப்பு மிகுந்தோர் 38.1, அவருள் அறியாதோர் 24.6. அஃதாவது, கொழுப்பு மிகுந்தோர் மூவருள் ஏறக்குறைய இருவர் அதனை அறியாதிருந்தனர்.

இவர்கள் பொய்யுரைத்தாரல்லர். கொழுப்பு வலிப்பதில்லை, இரத்தக் கொதிப்பும் தொடக்க நிலை நீரிழிவும் பெரும்பாலும் ஓசையின்றியே வளர்கின்றன. மருந்தகத்தை நாடாதவன் தன் நோயை எங்ஙனம் அறிவான்? ஆகவே, வாய்மொழி விடை நோயை அளப்பதினும், மருத்துவருடன் ஏற்பட்ட தொடர்பையே மிகுதியாக அளக்கிறது. மருந்தகம் அருகிலுள்ள ஊரில் ‘உண்டு’ என்போர் மிகுவர். தொலைவிலுள்ள ஊரில் ‘இல்லை’ என்போர் மிகுவர். வாய்மொழியை மட்டும் கொண்டு இவ்விரு ஊர்களையும் ஒப்பிட்டால், கவனிப்பாரற்ற ஊரே நலமுடைய ஊராகத் தோன்றும். உதவி வேண்டும் ஊருக்கு உதவி போகாது. இதுவே இத்தகைய கணக்கின் பெருங்கேடு.

அங்ஙனமாயின், வினவுதலையே விட்டுவிடலாமெனச் சிலர் கூறலாம். அதுவும் பொருந்தாது. நாள்தோறும் மாத்திரை உண்டு கொதிப்பைக் கட்டுக்குள் வைத்திருப்பவரை அளந்தால், அளவு 140/90-க்குக் கீழே நிற்கும். கருவி அவரை நோயற்றவர் என்றே காட்டும். நோயற்ற ஒருவருக்கோ, கருவியைக் கண்ட அச்சத்தாலேயே அன்றைய அளவு ஏறுதலும் உண்டு. எனவே வினாவும் அளவையும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புவன. மேற்கூறிய ஆய்வு இரண்டையும் இணைத்தது பாராட்டத்தக்கது.

வகுப்பில் “பாடம் விளங்கிற்றா?” என்றால், “விளங்கிற்று, ஐயா” என்று மாணவர் ஒருமுகமாகக் கூறுவர். அக்கூற்றைக் கொண்டு எந்த ஆசிரியரும் மதிப்பெண் இடுவதில்லை. மாணவரைப் பொய்யரென வைவதுமில்லை. தேர்வு வைத்துப் பார்க்கின்றனர். நோய்க் கணக்கைப் படிப்போருக்கும் அம்முறையே வேண்டும். ‘இல்லை’, ‘அறியேன்’ எனத் தமிழில் இரு வேறு சொற்கள் உள. சோதித்துப் பாராதவர் கூறும் ‘இல்லை’யை ‘அறியேன்’ என்றே படித்தல் முறையாகும். அவ்விடையைக் கூறுவோரும், ஒருமுறை மருந்தகம் சென்று சோதித்த பின்னரே அதனைக் கூறுதல் நன்று.