மெட்டு ஊருடையது, பாட்டு அவளுடையது

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான் நினைவுக்கு வரும். பக்கத்தில் நல்லூர் வட்டாரத்து மணிமுத்தாற்றங்கரை வயல்களுக்கு அப்படி ஒரு விலாசம் இல்லை. ஆனால் காதுள்ளவர்களுக்கு இந்தப் பக்கத்தில் பெரிய சொத்து இருக்கிறது. நடவுப்பாட்டு, ஒப்பாரி, தாலாட்டு, விடிய விடிய நடக்கும் கூத்தின் பாட்டு. இவற்றைப் பாடுகிறவர்களைப் 'பாடகி' என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். பாட்டைக் கட்டுகிறவளும் அவள்தான் என்பது நமக்கு உறைப்பதே இல்லை.

நடவுப்பாட்டை ஒலிபெருக்கியில் கேட்டால் பாதிதான் கிடைக்கும். வரப்பில் நின்று கேட்க வேண்டும். குனிந்து நிற்கிற பெண்ணுக்கு மூச்சு நீளாது. அதனால் அடி குட்டையாக இருக்கும். நாற்றுமுதலைப் பிரித்துச் சேற்றில் ஊன்றுகிற கைதான் தாளம். ஒருத்தி ஓர் அடியை எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. அவர்கள் திருப்பிப் பாடுகிற அந்த நேரம்தான் முதல்பாட்டுக்காரிக்கு அடுத்த அடியைக் கட்டக் கிடைக்கும் அவகாசம். அதற்குள் மோனை பிடிக்க வேண்டும். வரப்பில் குடைபிடித்து நிற்கும் ஆளைப் பாட்டுக்குள் இழுக்க வேண்டும். கூலி பற்றாது என்பதை அவர் முகம் கோணாத மாதிரியும், ஆனால் உறைக்கிற மாதிரியும் சொல்ல வேண்டும். அடுத்தவர்கள் சிரித்துவிட்டால் அந்த அடி தேறியது. சிரிக்காத அடி அத்தோடு சேற்றில் போகும்.

ஒப்பாரியில் இந்த வேலை இன்னும் நுணுக்கம். தோளோடு தோள் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து பாடுகிறார்கள். மெட்டு எல்லோருக்கும் தெரிந்த மெட்டு. முதலில் செத்தவரின் பெருமை வரும். பொன்னும் முத்தும் மாளிகையும் அடுக்கடுக்காக. பிறகு பாடுகிறவளின் சொந்தக் கதை மெல்ல நுழையும். அப்பன் செத்த வீட்டில், சீர் செய்யாத அண்ணனையும் முகம் கொடுக்காத அண்ணியையும் பற்றி, அவர்கள் எதிரே நிற்கும்போதே, ஒருத்தி பாடிவிட முடியும். அதே சொல்லைப் பேச்சில் சொன்னால் சண்டை, பாட்டில் சொன்னால் முறை. அடியின் கடைசி எழுத்தை இழுத்து இறக்கும்போது விசும்பல் ஒன்று வரும். அது அழுகைதான், ஆனால் சுருதியை விட்டு விலகாத அழுகை. மேடைக் கச்சேரியில் இவ்வளவு சுத்தமான இறக்கத்தை எப்போதாவதுதான் கேட்க முடிகிறது.

இந்தக் கலையை வயலிலிருந்து வானொலிக்குக் கொண்டுபோனவர்களில் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் கொல்லங்குடி கருப்பாயி. எழுத்துக்கூட்டிப் படித்த பாட்டு இல்லை அவருடையது, வாயில் ஊறியது. 1985இல் 'ஆண்பாவம்' படத்தில் பாண்டியராஜன் அவரைக் கொண்டுவந்தபோது தமிழ்நாடே அந்தக் குரலைக் கேட்டது. 1993இல் கலைமாமணி. அவர் குரலில் பாலிஷ் கிடையாது. சொல்லின் விளிம்பு அப்படியே தெரியும். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், கணவரோடு சேர்ந்து ஊர் ஊராகப் பாட்டுச் சேகரித்துப் பாடியவர். 2018இல் பத்மஸ்ரீ. கே.ஏ. குணசேகரன் வேறு ரகம். ஆய்வாளர், 'தன்னானே' கலைக்குழுவைக் கட்டியவர். இன்குலாபின் 'மனுசங்கடா' பாடலை அவர் பாடியதைக் கேட்டால், புதுக்கவிஞர் எழுதிய சொல் பழைய பறையடியில் இவ்வளவு இயல்பாக உட்காருமா என்று வியக்க வைக்கும். நம் காலத்தில் அந்தோணிதாசன் கரகாட்ட மேடையின் கனத்தைத் தொண்டையில் வைத்துக்கொண்டே சினிமாவுக்கும் பாடுகிறார், எழுதவும் செய்கிறார்.

மேடைக்கு வந்ததால் கெட்டுப்போயிற்று என்று புலம்பும் கட்சியில் நான் இல்லை. என் குறை வேறு. இப்போது கிராமியப் பாட்டு என்ற பெயரில் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில், ரிதம் பேடு அதிர, குத்தாட்டமாக ஆக்கிவிடுகிறார்கள். மதுரைப் பக்கத்துத் தெம்மாங்கும் எங்கள் விருத்தாசலம் பக்கத்து நடுநாட்டு நடவுப்பாட்டும் ஒன்றாகக் கேட்கிறது. கண்டாங்கிச் சேலை மட்டும் கட்டினால் போதாது, அடிக்கு அடி மூச்சு விடுகிற இடமும் இருக்க வேண்டும்.

பாட்டுக் கட்டியவர் பெயர் மறைந்துபோவது இங்கே மட்டுமில்லை, அமெரிக்காவின் கன்ட்ரி இசைக்கும் இதே கதைதான். 1927இல் டென்னசியின் பிரிஸ்டல் ஊரில் கார்ட்டர் குடும்பம் முதல் இசைத்தட்டுப் பதிந்தது. ஏ.பி. கார்ட்டர் அதன்பின் மலையோர வீடுகளுக்குப் போய்ப் பாட்டுத் தேடினார். அவர் வரிகளை எழுதிக்கொள்ள, கூடப் போன கறுப்பினக் கிட்டார் கலைஞர் லெஸ்லி ரிடில் மெட்டுகளை நினைவில் பிடித்துக்கொண்டார். இசைத்தட்டில் ஏறியது கார்ட்டரின் பெயர். பாடிக் கொடுத்த வீட்டுக்காரர்கள் பெயர் ஏறவில்லை.

இங்கேயும் சேகரிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' இன்றைக்கும் படிக்க வேண்டிய புத்தகம். மணக்கொல்லைக் கண்மணி குணசேகரன், நடுநாட்டுச் சொற்களைத் தனி ஆளாக அகராதியாக்கியிருக்கிறார். அந்தச் சொற்கள் மெட்டோடு எப்படிப் புழங்கின என்பதைப் பதிகிற வேலைதான் மிச்சம். நடவு இயந்திரம் வயலில் இறங்கிவிட்டது, அதற்குப் பாட்டு வேண்டாம். கையில் போன் உள்ள பிள்ளைகள், வீட்டுக் கிழவியிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடு பதியுங்கள். கோப்பின் பெயரில் 'கிராமியப் பாடல்' என்று போடாதீர்கள். அவர் பெயரையும் ஊரையும் போடுங்கள். பாட்டுக் கட்டியவர் அவர்.