சோரெலும் கோரல் மில்லும்

ஜார்ஜ் சோரெல் வன்முறையைப் பற்றி எழுதிய கட்டுரைகள் பிரெஞ்சில் புத்தகமாக வந்தது 1908ல். அதே வருஷம் பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில்லில் ஸ்டிரைக். சோரெலை உரசிப் பார்க்க நமக்கு இதைவிட நல்ல கல் கிடைக்காது.

அவருக்குப் பொது வேலைநிறுத்தம் ஒரு தொன்மம். அது நடக்குமா, நடக்காதா என்பது முக்கியமில்லை. தொழிலாளி மனசில் போர்க்குணம் வளர்ந்தால் போதும். கூலி உயர்வோடு சமரசமாகும் ஸ்டிரைக் எல்லாம் அவருக்குச் சப்பென்று இருக்கும்.

தூத்துக்குடியில் நடந்தது அந்தச் 'சப்பான' விஷயம்தான். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் மேடையில் பேசினார்கள், சரி. ஆனால் வேலையை விட்டவர்கள் வீட்டில் அடுப்பு எரியவும் வ.உ.சி. வழி செய்தார். தொன்மத்தை வைத்து உலை வைக்க முடியாதே! பத்து நாளுக்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு லீவும் கிடைத்தது.

மார்ச் 12ல் இருவரும் கைது. மறுநாள் திருநெல்வேலியில் கலவரம். துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள். அரசின் அடக்குமுறையையும் எதிர்ப்பவர்களின் வன்முறையையும் ஒரே தராசில் வைக்காதே என்கிறார் சோரெல். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தீயால் மில் தொழிலாளிக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை.

தொன்மத்தின் பலம் பற்றி அவர் சொன்னது மட்டும் பலித்துவிட்டது. 1911ல் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் பெயர் மணியாச்சி ஸ்டேஷன் பலகையில் இருக்கு. ஞாயிறு லீவை வாங்கின மில் தொழிலாளி ஒருத்தர் பெயரைச் சொல்லுங்க பார்ப்போம்.