பின்னால் மலை, முன்னால் ரயில்

விழுப்புரம்–காட்பாடி ரயில் பாதை திருவண்ணாமலை வழியாகப் போகிறது. மலை அதற்கு மேற்கே. ரயிலைப் படமெடுப்பவருக்கு இப்படியோர் அமைப்பு வாய்ப்பது அரிது.

காலையில் பாதைக்குக் கிழக்கே, ரயில்வே எல்லைக்கு வெளியே, கேமராவோடு நின்றால் வெயில் முதுகில் விழும். பெட்டிகள் பளீரென்று துலங்கும். பின்னால் 814 மீட்டர் உயர மலை முழுசாக எழுந்து நிற்கும். பாதைக்கு மிக அருகே நின்றால் மின்கம்பிகள் உச்சியைக் குறுக்கே வெட்டும். நன்றாகப் பின்வாங்கினால் அவை மலைச்சரிவுக்குள் இறங்கிக் கரைந்துவிடும். அந்த இடத்தைத் தேடி நடப்பதே பாதி இன்பம்.

மாலையில் சூரியன் மலைக்குப் பின்னே இறங்க, ரயில் வெறும் கரிய கோடு. அதுவும் அழகுதான்.

2024 மே முதல் சென்னை கடற்கரையிலிருந்து நேரடி ரயில் வருகிறது. நள்ளிரவை ஒட்டி வந்து விடியுமுன் கிளம்பிவிடும். அதற்கு நடைமேடை விளக்குகளின் வெளிச்சம்தான்.