தேக்காவில் ஒன்பதாவது மாடி!

கிடைத்துவிட்டது! தேக்காவில், பஃபலோ ரோட்டில், சந்தையை ஒட்டி நிற்கிற வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கில், ஒன்பதாவது மாடியில், வாசலிலிருந்து நாலு எட்டு வைத்தால் மின்தூக்கி இருக்கிற வீடு! பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோப்பிக் கடை அங்கிளிடம் சொன்னேன், முடிவெட்டுகிறவரிடம் சொன்னேன், எம்ஆர்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொன்னேன். இப்போது உங்களிடம்.

இதில் என்ன பெரிய விஷயம், சிங்கப்பூரில் மின்தூக்கி இல்லாத புளோக்கைத் தேடித்தானே பிடிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். தேக்கா இருக்கிற லிட்டில் இந்தியாவை ஒரு நிமிடம் மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். 1989இல் இந்த வட்டாரத்தைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். அதனால்தான் இன்றும் இரண்டு மாடி, மூன்று மாடிக் கடைவீடுகள் ஓட்டுக்கூரையும் ஐந்தடிப் பாதையுமாகத் தெருத்தெருவாக நிற்கின்றன. பார்க்க அத்தனை அழகு! ஆனால் அந்தக் கடைவீடுகளில் பலவற்றில் மேலே போக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு செங்குத்தாய் ஏறுகிற ஒடுக்கமான படிக்கட்டுதான் வழி. அப்படியொரு மாடியில்தான் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. வீரமாகாளியம்மன் கோயில் மணிச்சத்தம் வீட்டுக்குள் கேட்கும், கோயிலுக்குத்தான் போக முடியாது. இந்த வட்டாரத்தை விட்டுப் போகவும் அம்மாவுக்கு மனமில்லை. தேக்காவிலேயே வேண்டும், மின்தூக்கியோடு வேண்டும் என்றால் இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சில புளோக்குகள். அவற்றில் வீடு விலைக்கு வருவதே அபூர்வம்.

வந்தாலும் வாங்க முடிய வேண்டுமே! 1989லிருந்தே இன ஒருங்கிணைப்புக் கொள்கையும் இருக்கிறது. ஒரு புளோக்கில் இந்தியர், பிற இனத்தவர் வீடுகளுக்கு 15 விழுக்காடு, அக்கம்பக்கம் முழுவதற்கும் 12 விழுக்காடு என்று வரம்பு. அது நிரம்பிவிட்டால் நம்மவர்கள் நம்மவர்களிடமிருந்துதான் வாங்கலாம். அந்தக் கோட்டாக் கணக்கு ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புதுப்பிக்கப்படும். மாதம் பிறந்தால் மற்றவர்கள் சம்பளத்தைப் பார்ப்பார்கள், நான் கோட்டாவைப் பார்த்தேன்! நள்ளிரவு தாண்டியதும் கைப்பேசியைத் திறந்து உட்காருவேன், மனைவி, "தூங்குங்க, காலையில பாத்துக்கலாம்" என்பாள், ஐந்து நிமிடம் கழித்து அவளும் எழுந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பாள்.

அப்படியொரு முதல் தேதியில்தான் முகவர் தம்பி அழைத்தார். "அண்ணே, கோட்டா திறந்திருக்கு. வீட்டுக்காரங்க சீன ஆண்ட்டி. சாயங்காலம் வர முடியுமா?" சாயங்காலமா! மதிய உணவு இடைவேளையிலேயே ஓடினேன். லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குத் தடமும் வருகிறது, டௌன்டவுன் தடமும் வருகிறது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் இறங்கி நடந்தால் சில நிமிடத்தில் புளோக்கின் அடியில் நிற்கலாம். பொத்தானை அழுத்தினேன். கதவு திறந்தது. உள்ளே ஒரு பாட்டி, தள்ளுவண்டிப் பை நிறைய கீரை, மேலே முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கிறது, கூடவே மல்லிகைப்பூ வாசம், பச்சை மீன் வாசம், ஈரக் கொத்தமல்லி வாசம் எல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள். "எத்தனாவது மாடிப்பா?" என்றார் பாட்டி. "ஒன்பது பாட்டி" என்று நான் சொன்னபோது குரல் தழுதழுத்துவிட்டது. வீட்டை இன்னும் பார்க்கவே இல்லை, அதற்குள் அப்படி!

கதவு திறந்து வெளியே வந்தால்... எப்படிச் சொல்வேன்! கொஞ்சம் என்னோடு வந்து அந்தத் தாழ்வாரச் சுவரில் கையை ஊன்றி நில்லுங்கள். கீழே சிவப்பு ஓட்டுக்கூரைகள், அடுக்கடுக்காய், மதிய வெயிலில் தகதகக்கின்றன. அதோ கெர்பாவ் ரோட்டில் டான் டெங் நியா வீடு, 1900இல் கட்டியது, இந்த வட்டாரத்தில் மிஞ்சி நிற்கும் கடைசிச் சீன மாளிகை, பச்சை மஞ்சள் நீலம் சிவப்பு என்று ஒவ்வொரு பலகைக்கும் ஒரு வண்ணம், கீழே சுற்றுலாப் பயணிகள் நின்று அண்ணாந்து படமெடுக்கிறார்கள், நான் மேலிருந்து அதன் கூரையையே பார்க்கிறேன், அதற்கு அப்பால் வீரமாகாளியம்மன் கோபுரம், அம்மா நாள் முழுக்க ஏங்கிய அதே கோபுரம், பொம்மைகள் ஒவ்வொன்றும் எண்ணி எடுக்கலாம் போல அவ்வளவு அருகில், அந்தப் பக்கம் சிராங்கூன் ரோட்டில் பேருந்துகள் ஊர்ந்துபோகின்றன, பூக்கடைப் பாட்டு காற்றில் மிதந்து வருகிறது, எங்கோ வெங்காயம் தாளிக்கிறார்கள், காற்றோ அடிக்கிறது அடிக்கிறது, சிங்கப்பூர் மத்தியானத்தில் சட்டை நனையாமல் நிற்கவைக்கிற காற்று! ஆண்ட்டி கதவைத் திறந்துகொண்டு வந்து, "வீட்டைப் பாக்கலியா?" என்று கேட்கிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன்.

மூவறை வீடு. கூடத்தையும் ஓர் அறையாகச் சேர்த்து எண்ணுவது சிங்கப்பூர் வழக்கம், ஆக இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், சமையலறை. ஆண்ட்டி பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய தரை, பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். பழைய வீடுதான், 99 ஆண்டுக் குத்தகையில் கணிசமான பங்கு கழிந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை கீழே திருவிழாக் கூட்டம். சரி, அதற்கென்ன! விடுமுறை நாளில் ஊர்ப் பேச்சு கேட்க வருகிற வெளிநாட்டு ஊழியர் தம்பிகளின் குரல் ஒன்பதாவது மாடிக்கு வரட்டுமே, எனக்கு அது பாட்டு. வாங்கும் உரிமைப் பத்திரத்துக்கு 1,000 வெள்ளி கொடுத்தோம், யோசிக்க 21 நாள் அவகாசம் உண்டு. யாருக்கு வேண்டும் அந்த 21 நாள்! அம்மாவும் எங்களோடு இருப்பதால் அருகாமை வீட்டு மானியமாக 30,000 வெள்ளி வேறு.

அம்மாவை முதல் தடவை அழைத்துவந்த நாளைச் சொல்லாமல் விட மாட்டேன். நான் சிறுவனாய் இருந்தபோது நாங்கள் குடியிருந்த புளோக்கில் மின்தூக்கி ஒன்று, ஐந்து, ஒன்பது மாடிகளில் மட்டும்தான் நிற்கும். அந்தக் காலத்தில் பல புளோக்குகளை அப்படித்தான் கட்டினார்கள், செலவு மிச்சம். எங்கள் வீடு ஏழாவது மாடி. ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏற வேண்டும், கையில் அரிசி மூட்டை, இடுப்பில் தங்கச்சி. 2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் வந்தது. புளோக்கில் 75 விழுக்காட்டு வீடுகள் சம்மதித்தால் எல்லா மாடியிலும் நிற்கும்படி மாற்றித்தந்தார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட புளோக்குகள் அதனால் பயன்பெற்றன. நாங்கள் அதற்குள் வீடு மாறிவிட்டோம். ஆகவே அம்மாவின் நினைவில் மின்தூக்கி என்றால் பாதிவழியில் இறக்கிவிடுகிற ஒன்றுதான். இங்கே அது ஒன்பதில் நின்று, கதவு திறந்து, எதிரிலேயே நம் வாசல் தெரிந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கயேவா? படியே இல்லையா?" என்றார். இல்லைம்மா, படியே இல்லை! திரும்பக் கீழே போய், மறுபடி மேலே வந்து, இன்னொரு தடவை போய் வந்தோம். அம்மா, மனைவி, நான், மூன்று பேரும் சிரித்தோம், கண்ணீரும் வந்தது.

இப்போது வெள்ளிக்கிழமை காலையில் அம்மா தனியாகவே கிளம்பிவிடுகிறார். கீழே இறங்கினால் தேக்கா ஈரச்சந்தை. வாழைக்காய், நண்டு, ஆட்டுக்கறி, வாழையிலை, வெற்றிலை, எதைக் கேட்டாலும் நாலு கடையில் இருக்கும். பக்கத்திலேயே உணவங்காடி, ஆவி பறக்கிற பிரியாணி, கண்முன்னே இழுத்து ஆற்றித்தருகிற தே தாரிக். அங்கிருந்து அப்படியே அம்மன் கோயில். அடுப்பில் எண்ணெய் காயும்போது கறிவேப்பிலை இல்லையென்று தெரிந்தால் அடுப்பை அணைத்துவிட்டு இறங்கி வாங்கிவந்து மறுபடி பற்றவைக்கலாம், எண்ணெய்ச் சூடு முழுசாய் ஆறியிருக்காது. சத்தியமாய்ச் செய்து பார்த்தேன்!

இனி தைப்பூசம் வரட்டும். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் பால்குடமும் காவடியும் கிளம்புகிற அந்த இரவில் தாழ்வாரத்தில் பாய் விரித்து அம்மாவை உட்காரவைப்பேன், கூட்ட நெரிசலில் நிற்க வேண்டாம், வேண்டும் என்று தோன்றிய நொடியில் பொத்தானை அழுத்திக் கீழே போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம். தீபாவளி ஒளியூட்டுக்கு உறவினர்கள் இப்போதே முன்பதிவு செய்கிறார்கள், வாருங்கள், எல்லாரும் வாருங்கள். தேக்காவில் வீடு தேடுகிறவர்கள் கேளுங்கள்: வீட்டுத் தகுதிக் கடிதத்தை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், முதல் தேதி கோட்டாவைப் பாருங்கள், பார்க்கப் போகும்போது வீட்டிலுள்ள பெரியவர்களையும் கூட்டிப் போங்கள். எங்கள் புளோக்கில் ஏதாவது காலியாகிறது என்று காதில் விழுந்தால் முதல் போன் உங்களுக்குத்தான்!