தடித்த அச்செழுத்தும் கல்லின் ஐயமும்: திருமலைக் கல்வெட்டுப் பதிப்பை முன்வைத்து

திருமலை, திருப்பதி, திருச்சானூர் ஆகிய ஊர்களின் கல்வெட்டுகளைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1931 முதல் தொகுதிகளாக வெளியிட்டது. முதல் தொகுதியைச் சாது சுப்பிரமணிய சாஸ்திரி பதிப்பித்தார். இக்கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சியெல்லைகள் மாறினும் தமிழாய்வுக்கு இம்மூலங்கள் இன்றியமையாதன. இவற்றை இன்று கணினிவழி மறுபதிப்புச் செய்வோர் எவ்வெழுத்துருவைத் தெரிவு செய்வது என்பது அழகு பற்றிய வினா மட்டுமன்று. பாடம் பற்றிய வினாவும் ஆகும்.

செரிஃப் என்பது உரோமன் எழுத்துக் கோடுகளின் முனையில் அமையும் சிறுகோடு. தமிழெழுத்துருவுக்கு இப்பெயரிடும்போது, தடித்த கோடும் மெல்லிய கோடும் மாறிவரும் மரபான அச்சுவடிவமே கருதப்படுகிறது. கூகுள் நிறுவனத்தின் நோட்டோ செரிஃப் தமிழ் இவ்வகையினது. 9 பருமன்களில் கிடைக்கிறது. ஓலையில் எழுத்தாணி கோட்டின் பருமனை வேறுபடுத்துவதில்லை. ஆகவே இவ்வேறுபாடு அச்சுக்கலை தமிழுக்குத் தந்த மரபு எனலாம். தலைப்புக்கு இதன் தடித்த வடிவம் எடுப்பாக அமைகிறது. ஆயின் சிற்றளவில் ண, ஞ, ஐ போன்ற எழுத்துகளின் உள்வெளி குறுகுகிறது.

மூலத்தைப் பெரிய எழுத்திலும் உரையைச் சிறிய எழுத்திலும் அச்சிடுவது இலக்கியப் பதிப்பு மரபு. அதனைப் பின்பற்றிக் கல்வெட்டு வாசகம் முழுவதையும் தடித்த எழுத்தில் தரலாம் என்பர் சிலர். இது ஏற்புடையதன்று. கல்லில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு இல்லை. ரகரமும் காலும் ஒத்த வடிவின. ‘தெவர’ எனக் காணும் வரிவடிவம் ‘தேவர்’ ஆகலாம், ‘தேவா’வும் ஆகலாம். இடம் நோக்கித் துணிபவர் பதிப்பாசிரியரே. எனவே கல்வெட்டுப் பதிப்பில் மூலம் எனப்படுவதே ஒருவரது வாசிப்பு. தடித்த எழுத்து அவ்வாசிப்புக்குக் கல்லின் உறுதியை ஏற்றிவிடுகிறது, ஐயம் மறைகிறது. மறைந்த ஐயம் அடுத்த ஆய்வாளர்க்குச் சான்றாகிவிடுகிறது.

கிரந்த எழுத்துகளை வேறுபடுத்தத் தடித்த எழுத்து தேவை எனலாம். 2014இல் கிரந்தமும், 2019இல் தமிழ்ப் பின்ன எண்களும் அளவைக் குறிகளும் ஒருங்குறியில் இடம்பெற்றுவிட்டன. ஆதலின் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்னும் தொடக்கத்தைக் கிரந்தத்திலேயே அச்சிட இயலும். நிலக்கொடையின் பின்ன அளவுகளையும் அவ்வக்குறிகளாலேயே காட்ட இயலும்.

ஆதலின் வாசகத்தை இயல்பான பருமனிலும், பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பிய எழுத்துகளைப் பகர அடைப்பினுள்ளும் தந்து, தடித்த எழுத்தைக் கல்வெட்டின் எண், இடம், அரசர் பெயர் ஆகிய தலைப்புகளுக்கே ஒதுக்குதல் தகும். ஐயத்துக்குரிய இடங்களில் கல்லின் வரிவடிவையும் அடிக்குறிப்பில் தருதல் வேண்டும். பதிப்பாசிரியரின் துணிபு எது, கல்லில் உள்ளது எது எனப் பிரித்துக் காட்டுவதே எழுத்துருத் தெரிவின் முதற்கடன்.