அண்ணன் காலி செய்த நாற்காலி

1962-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸெனட்டுக்கு ஓர் இடைத்தேர்தல் நடந்தது. போட்டியிட்டவர்களைப் பாருங்கள். எட்வர்ட் கென்னடி, ஜனாதிபதியின் தம்பி. ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே அவரை எதிர்த்த எட்வர்ட் மெக்கார்மக், பிரதிநிதிகள் சபை சபாநாயகரின் சகோதரர் மகன். குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் லாட்ஜுக்கு அப்பாவும் ஸெனட்டர், கொள்ளுத்தாத்தாவும் ஸெனட்டர். சுயேச்சையாக நின்ற ஸ்டூவர்ட் ஹியூஸ்கூட ஒரு முன்னாள் தலைமை நீதிபதியின் பேரன். இதில் யாருக்கு ஓட்டுப் போட்டாலும் வாரிசுதான்.

அண்ணன் ஜான் கென்னடி 1960-ல் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதால் காலியான நாற்காலி அது. தம்பிக்கு அப்போது வயது 28. அரசியல் சட்டப்படி ஸெனட்டுக்கு 30 ஆகவேண்டும். என்ன செய்வது? அண்ணனின் கல்லூரி அறைத்தோழர் பெஞ்சமின் ஸ்மித்தை நியமித்து இரண்டு வருஷம் உட்காரவைத்தார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அது மாதிரி.

பெயரிலிருந்து 'கென்னடி'யை எடுத்துவிட்டால் நீங்கள் நிற்பதே தமாஷ் என்கிற அர்த்தத்தில் மெக்கார்மக் மேடையிலேயே சொன்னார். உண்மைதான். ஆனால் சொன்னவரும் சபாநாயகர் வீட்டுப் பிள்ளை என்பதால் எடுபடவில்லை. கென்னடி அமோகமாக ஜெயித்தார்.

1969-ல் சாப்பாக்விடிக் தீவில் அவர் ஓட்டிய கார் பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து, கூட வந்த மேரி ஜோ கோபெக்னி என்ற 28 வயதுப் பெண் இறந்துபோனாள். அவர் போலீஸுக்குச் சொன்னது மறுநாள் காலையில். தண்டனை இரண்டு மாதம், அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த வருஷமே சுமார் 62 சதவிகித ஓட்டுடன் மறுபடி ஸெனட்டர். குடும்பப் பெயர் பதவி வாங்கித் தந்ததை மன்னித்துவிடலாம். இதை?

மாநிலத்துக்கு வெளியே கதை வேறு. 1979-ல் டெலிவிஷன் பேட்டியில் ரோஜர் மட், ஏன் ஜனாதிபதியாக விரும்புகிறீர்கள் என்று கேட்டார். எந்த வேட்பாளரும் தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடிய பதில். கென்னடி திணறினார். சொந்த மாநிலம் பதினேழு வருஷமாகக் கேட்காமல் விட்ட 'ஏன்' அல்லவா? 1980-ல் கட்சிக்குள்ளேயே கார்ட்டரிடம் தோற்றார்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஸெனட்டில் 47 வருஷம் வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை மனிதர். நாட்டுவாரிக் கோட்டாவை ஒழித்த 1965 குடியேற்றச் சட்டத்தை ஸெனட்டில் நடத்திக்கொடுத்தவர் அவர். உங்கள் பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ நியூ ஜெர்ஸியில் இருந்தால் அந்தச் சட்டமும் ஒரு காரணம். 1997-ல் குழந்தைகள் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு, எதிர்க்கட்சி நண்பர் ஆரின் ஹாட்ச்சுடன் சேர்ந்து உழைத்தார்.

அப்படியென்றால் வாரிசு நல்லதுதானே என்பீர்கள். இவர் உழைப்பாளியாக அமைந்தது அதிர்ஷ்டம், ஏற்பாடு அல்ல. அப்பா பெயர் இல்லாத ஒரு கெட்டிக்காரர் அன்று பாஸ்டனில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பது நமக்குத் தெரியப் போவதில்லை. துண்டு போட்ட ஸீட்டில் அவர் எங்கே உட்கார?

கென்னடி 2009-ல் இறந்தார். அடுத்த ஆண்டு இடைத்தேர்தலில் ஸ்காட் பிரவுன், இது கென்னடி ஸீட் இல்லை, மக்கள் ஸீட் என்று சொல்லி ஜெயித்தார். 2020-ல் ராபர்ட் கென்னடியின் பேரன் ஜோ கென்னடி, அதே மாநிலத்தில் இன்னொரு ஸெனட் இடத்துக்கு முயன்று உட்கட்சித் தேர்தலிலேயே தோற்றார்.

மெக்கார்மக் கேட்டதற்கு ஜனங்கள் பதில் சொல்ல 58 வருஷம் ஆகியிருக்கிறது.